ஓடையை மறித்த வரம்பு: வன்னிச் சிறுகுளம் ஒன்றின் தண்ணீர் வழக்கு

வன்னியில் குளத்துத் தண்ணீருக்காக வழக்காட வரும் இளம் சட்டத்தரணிகள் முதலில் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். முதலில் விவசாயிகளின் அலுவல்களைப் பார்க்கும் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். அங்கே இரும்பு அலுமாரியில் கிடக்கும் காணிப் பதிவேடும், பயிர்ச்செய்கைக் கூட்டங்களின் குறிப்புப் புத்தகமும்தான் இப்படியான வழக்குகளில் பாதியைத் தீர்க்கின்றன. கீழே வரும் வழக்கில் நான் கண்டது அதைத்தான். ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டப் பிரச்சினைகளை மாற்றவில்லை.

நடந்தது

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் எல்லையை ஒட்டிக் காட்டோரமாக இருக்கும் சிறுகுளம் அது. வான் பாயும்வரை நிரம்பினால் சுமார் 60 ஏக்கர் காலபோக (மாரிகால) வயலுக்குக் கைகொடுக்கும். மழை குறைந்த சிறுபோகத்தில் அதில் கால்வாசிகூட விதைக்க முடியாது. அப்போது துருசுக்குக் (குளத்து மதகுக்குக்) கிட்டவுள்ள வயலை எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். யாருக்கு எத்தனை பரப்பு, எந்தத் திகதியில் துருசு திறப்பது, எப்போது பூட்டுவது என்று கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் முடிவெடுத்து எழுதி, எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள்.

இந்தக் குடும்பங்களுக்குக் காணி கிடைத்தது எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும். எல்லாம் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரங்கள். ஊரில் பெர்மிட் என்பார்கள். 2008 கடைசியில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் முகாம்கள், பிறகு மீள்குடியேற்றம். திரும்பி வந்தபோது குளக்கட்டு உடைந்திருந்தது. வயலெல்லாம் பற்றை மூடியிருந்தது. பெர்மிட் வைத்திருந்த பைகள் வழியில் எங்கெங்கோ போய்விட்டன. குளத்தைப் பிறகு திருத்திக் கொடுத்தார்கள். நாலைந்து போகம் நல்லாகவே போனது.

அதன் பிறகு குளத்துக்கு மேலே, ஓடை வரும் வழியில், ஒரு துண்டு அரச காணி வெளியூர்க்காரர் ஒருவருக்கு நீண்டகாலக் குத்தகையாகக் கிடைத்தது. அவர் பெக்கோ இயந்திரம் விட்டு ஓடைக்குக் குறுக்கே மண்வரம்பு போட்டுத் தண்ணீரை மறித்துப் பப்பாசித் தோட்டத்துக்கு எடுத்தார். கொஞ்ச நாளில் குளத்தின் அலைகரையில், அதாவது தண்ணீர் பரவி நிற்கும் ஓரத்தில், இரவிரவாக டிப்பர்கள் வந்து கிரவல் மண் ஏற்றத் தொடங்கின.

அலைகரையைத் தோண்டினால் குளம் ஆழமாகும்தானே, நல்லதுதானே என்று ஓர் அதிகாரி என்னிடமே கேட்டார். குளத்தை அறியாதவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. துருசின் வாசலுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது வயலுக்கு வராது. குழி ஆழமாக ஆழமாக ஐப்பசியில் பெய்யும் முதல் மழையெல்லாம் அந்தக் குழிகளை நிரப்பவே போய்விடும். குளத்தின் அடியில் உள்ள களிப்படை கிழிந்தால் தண்ணீர் கீழேயும் இறங்கும். அந்த வருடம் ஊரில் நல்ல மழை. குளம் அரைவாசிகூட நிரம்பவில்லை.

கமக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். பதில் இல்லை. பயிர் கதிர் வரப்போகும் குடலைப் பருவத்தில் வாடத் தொடங்கியபோது ஓர் இரவில் மண்வெட்டிகளோடு போய் வரம்பை வெட்டிவிட்டார்கள். விடிய முதல் பொலிஸ் வந்தது. சில வாரங்கள் கழித்து, வால்பக்கத்து வயல்காரர்கள் சிலருக்கு "அரச காணியை விட்டு வெளியேறவும்" என்ற அறிவித்தலும் வந்தது. அவர்களின் வயல் குளத்து ஒதுக்கீட்டுக்குள், அதாவது குளத்துக்காக ஒதுக்கிவைத்த அரச நிலத்துக்குள், வருகிறதாம். இந்த இரண்டு கட்டுக் கடதாசியோடும்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

தண்ணீர் யாருடையது

அமைப்பின் தலைவர், எழுபது தாண்டிய மனிதர், முதல் நாளே கேட்டார்: "தம்பி, அது எங்கட குளத்துத் தண்ணி. அதுக்கு நாங்கள் ஏன் கோட்டில நிக்கவேணும்?"

அவருக்கு உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. சட்டத்தின் பார்வையில் அது அவர்களுடைய தண்ணீர் அல்ல. 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின்படி பொதுக் குளங்களிலும் நீரோடைகளிலும் உள்ள தண்ணீரைப் பயன்படுத்துவதும் நிர்வகிப்பதும் கட்டுப்படுத்துவதும் அரசின் உரிமை. ஆனால் அதே அத்தியாயம்தான் எங்களுக்கும் துணை நின்றது. பொது ஓடையை அனுமதி இல்லாமல் மறிக்கவோ திருப்பவோ யாராலும் முடியாது. பக்கத்தில் காணி இருப்பவருக்கும் கையால் அள்ளி வீட்டுக்கும் கால்நடைக்கும் எடுப்பது போன்ற குறுகிய பயன்பாடுதான் உண்டு. குத்தகைக்காரர் குத்தகைக்கு எடுத்தது நிலத்தை. ஓடையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. குத்தகைப் பத்திரத்தின் பிரதியைப் பார்த்தபோது, காணியின் எல்லையாகவே "ஓடை ஒதுக்கீடு" என்று எழுதியிருந்தது.

80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு, உட்பட்ட குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதனால் இங்கே முக்கியமான சட்டம் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். கமக்காரர் அமைப்புக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுப்பதும், குளத்தையும் வாய்க்காலையும் ஒதுக்கீட்டையும் சேதப்படுத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க வழி தருவதும் அதுதான். விவசாயக் காணிப் பதிவேடும் அதன் கீழ்தான் வைக்கப்படுகிறது. அந்தப் பதிவேட்டில் உள்ள பதிவு முதற்தோற்றச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை சரியென்று, எடுக்கப்படும். யார் எந்த வயலை எந்த வருடத்திலிருந்து செய்கிறார் என்பதற்கு வன்னியில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பொலிஸ், வரம்பை வெட்டியதைச் சொத்துச் சேதமாகத்தான் முதலில் பார்த்தது. நான் பொறுப்பதிகாரியிடம் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் போகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று குளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டு எடுத்த முடிவு, திகதி, அதிகாரிகளின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. விவசாயத்துக்கு வரும் தண்ணீரைக் குறைக்கிற செயலைத் தண்டனைச் சட்டக்கோவை தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அதன் பிறகு பொலிஸ் இதை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணித் தகராறாக, நீதவானுக்கு அறிக்கை செய்தது.

66ஆம் பிரிவு என்றால் எல்லோரும் ஆட்சித் தகராறு, அதாவது காணி யார் கையில் இருக்கிறது என்ற தகராறு, என்றுதான் நினைக்கிறார்கள். யார் ஆட்சியில் இருந்தார், இரண்டு மாதத்துக்குள் யாராவது வெளியேற்றப்பட்டாரா என்று பார்க்கும் 68ஆம் பிரிவோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் கட்சிக்காரர் ஓடைக் காணியின் ஆட்சியைக் கேட்கவில்லை. அதனால் 69ஆம் பிரிவுக்குப் போனோம். ஆட்சி தவிர்ந்த வேறு உரிமைகள் பற்றிய தகராறையும் அது தீர்க்கும். வழி, வாய்க்கால் உரிமைகளெல்லாம் அதற்குள் வரும். நீதவான் இடத்தைப் போய்ப் பார்த்தார். ஓடை குளத்துக்குத் தடையின்றி ஓடவேண்டும், வரம்பைத் திரும்பப் போடக்கூடாது என்று கட்டளையிட்டார். இந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது என்பதும் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. இது தற்காலிக ஏற்பாடு, சிவில் நீதிமன்றம் வேறு தீர்ப்புச் சொல்லும்வரை மட்டும் என்பதைக் கட்சிக்காரருக்கு விளங்கப்படுத்தினேன். அவர்களுக்கு அந்தப் போகத்தில் மிச்சமிருந்த பயிரைக் காப்பாற்ற அது போதும்.

கிரவல் விஷயம் வேறு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின்படி அகழவும் ஏற்றவும் விற்கவும் அனுமதி வேண்டும். டிப்பர்காரர் ஓர் அனுமதிப்பத்திரத்தை நீட்டினார். அது உண்மையான பத்திரம்தான். ஆனால் அதில் இருந்த இடம் வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) கீழ் விண்ணப்பித்து, அனுமதி கொடுத்த இடத்தின் ஆள்கூறுகளை எடுத்தோம். அலைகரையிலிருந்து அது கிலோமீற்றர் கணக்கில் தள்ளி இருந்தது. ஒரு பத்திரத்தை வைத்து வேறிடத்தில் அகழ்வது வன்னியில் புதினமில்லை. இரவில் லொறியை மறிக்கும் பொலிஸ்காரருக்கு அதைச் சரிபார்க்க வழியும் இல்லை. ஆள்கூறுகளை எழுதிக் கடிதம் கொடுத்த பிறகு டிப்பர்கள் நின்றன. போன கிரவல் போனதுதான். குழிகளை மூடச் சொல்லி இன்றுவரை யாரிடமும் செலவு வாங்க முடியவில்லை. இந்த வழக்கில் எனக்கு ஆறாத இடம் இது.

காணியும் கடதாசியும்

வெளியேறும் அறிவித்தல்கள்தான் கடினமான பகுதி. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீட்டல்) சட்டம் எங்கள் நாட்டின் இறுக்கமான சட்டங்களில் ஒன்று. தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர், ஒரு காணி அரச காணி என்றும் அதில் இருப்பவர் அதிகாரமில்லாமல் இருக்கிறார் என்றும் கருதினால் அறிவித்தல் கொடுக்கலாம். குறைந்தது 30 நாள் அவகாசம். போகாவிட்டால் நீதவானிடம் விண்ணப்பம். அங்கே "இது அரச காணி அல்ல" என்று வாதாடவே முடியாது. 9ஆம் பிரிவு ஒரே ஒரு பதிலைத்தான் அனுமதிக்கிறது: அரசு சட்டப்படி தந்த, இன்னும் இரத்தாகாத அனுமதிப்பத்திரமோ எழுத்து அதிகாரமோ என்னிடம் இருக்கிறது என்ற பதில். வெளியேற்றும் கட்டளைக்கு மேன்முறையீடு இல்லை.

நாற்பது வருடம் உழுதேன், என் அப்பா காடு வெட்டினார், இரண்டு பிள்ளைகளை இந்த மண்ணில் புதைத்தேன் என்ற எந்தக் கதைக்கும் அங்கே இடமில்லை. நீண்டகாலம் கையில் வைத்திருந்தால் காணி தனதாகும் என்ற ஆட்சியுரிமைக் காலாவதியும் அரசுக்கு எதிராக ஓடாது. எனவே கேள்வி ஒன்றுதான்: பெர்மிட் எங்கே?

பெர்மிட் தொலைந்தால் உரிமை தொலைந்தது என்று அர்த்தமில்லை. பத்திரத்தின் விவரங்கள் பிரதேச செயலகத்தில், லெட்ஜர் என்று சொல்கிற காணிப் பேரேட்டில் ஏறியிருக்கும். வன்னியில் பல அலுவலகங்களின் பதிவுகளும் போரில் அழிந்தன. ஆனாலும் எல்லாம் அழியவில்லை. சிலவற்றை ஊழியர்கள் இடம்பெயர்ந்த வழியெல்லாம் காவிச் சென்று காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களை நான் எப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். பேரேட்டின் பக்கங்களுக்கும் தகவல் அறியும் உரிமை விண்ணப்பமே போட்டோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்ற விதி இருப்பதால், "பிறகு வாங்கோ" என்ற பதில் அங்கே செல்லவில்லை. பெரும்பாலான குடும்பங்களின் பெயர் கிடைத்தது. காணித் துண்டின் இலக்கமும் பரப்பும் எல்லைகளும் இருந்தன. பழைய நில அளவை வரைபடத்தில் அந்தத் துண்டுகள் ஒதுக்கீட்டுக் கோட்டுக்கு வெளியே கிடந்தன. புதிதாகக் கோடு போட்டவர்கள் பற்றை மூடிக் கிடந்த நாளில் எடுத்த படத்தை வைத்துப் போட்டிருக்கவேண்டும்.

இதற்குப் பிறகு வாதம் நேரானது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த பெர்மிட்டை இரத்துச் செய்ய அந்தச் சட்டத்திலேயே ஒரு நடைமுறை இருக்கிறது: அறிவித்தல், விசாரணை, கட்டளை, அதற்கு மேன்முறையீடு. அதைச் செய்யாமல் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறுக்குவழியாகப் பிடிக்க முடியாது. இரத்தாகாத பெர்மிட் உயிரோடுதான் இருக்கிறது.

அந்தக் குடும்பங்களில் ஓர் அக்கா இருந்தார். பெர்மிட் அவருடைய கணவரின் பெயரில். கணவர் 2009இல் வட்டுவாகல் பக்கம் காணாமல் போனார். அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் எடுத்துவந்தால் பெயரை மாற்றலாம் என்று சொன்னார்களாம். "அவர் செத்தார் எண்டு என்ர கையால எழுதிக் குடுக்கமாட்டன்," என்றார் என்னிடம். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவேண்டிய தேவையும் இல்லை. இறந்ததாக யாரும் நிரூபிக்காதவரை பெர்மிட் அவர் பெயரிலேயே உயிரோடு இருக்கிறது. மனைவி அவர் வழியாகக் காணியில் இருக்கிறார். நீண்டகாலம் கேள்விப்படாதவர் இறந்ததாகக் கருதலாம் என்று மறுதரப்புச் சொன்னாலும், பெர்மிட்காரர் இறந்தால் வாழ்க்கைத் துணை தன் ஆயுள் முழுவதும் காணியில் இருக்கலாம் என்று அதே கட்டளைச் சட்டம் சொல்கிறது. இரண்டு வழியிலும் அவரை வெளியேற்ற முடியாது. மரணங்களைப் பதிவது பற்றிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தை 2016இல் திருத்தியதிலிருந்து, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கவும் முடியும். அதையும் அவருக்குச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இப்படி ஒரு பெண்ணிடம் வழக்கு வசதிக்காக மரணச் சான்றிதழ் கேட்கும் சட்டத்தரணிகளை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு குடும்பத்தில் தகப்பன் இறந்து, வயலைச் செய்வது மகள். மூத்த மகன் வெளிநாட்டில். தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் யாரையும் பெர்மிட்காரர் நியமிக்காவிட்டால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்று பழைய அட்டவணை இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை என்று அறிந்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் பெறுமதி தெரியும்.

கொழும்பா, கிளிநொச்சியா

அறிவித்தலையே இரத்துச் செய்ய எழுத்தாணை, அதாவது அதிகாரியின் முடிவுக்கு எதிரான மேல்மட்ட நீதிமன்றக் கட்டளை, கேட்கலாம் என்பது முதல் யோசனை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை அதிகாரம் கொடுத்தது. ஆனால் 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம், அரச காணி மாகாணத்துக்குப் பகிரப்படவில்லை, ஆகவே இந்த அறிவித்தல்களுக்கு எதிராக எழுத்தாணை கொடுக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று தீர்த்துவிட்டது. மிச்சம் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். வன்னிக் கமக்காரருக்கு அது முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம், கொழும்புச் சட்டத்தரணிக்குக் கட்டணம், ஒவ்வொரு தவணைக்கும் இழக்கும் கூலி. மாகாணத்திலேயே கிடைத்த ஒரு கதவு மூடப்பட்டதை நான் அரசியலாக மட்டும் பார்ப்பதில்லை. ஏழைக் கமக்காரரின் சட்டைப்பையில் அது நேரடியாகக் கை வைக்கிறது.

அடிப்படை உரிமை மனு இன்னொரு வழி. அதற்கு ஒரு மாதக் கெடு. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் அங்கே முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதைக் காட்டவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டத்தளம் பலமாகத்தான் இருந்தது. 2000இல் எப்பாவல பொஸ்பேற் வழக்கில், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை உயர் நீதிமன்றம் ஏற்றது. 2019இல் சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்காக மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. எங்கள் கடிதங்களில் இவற்றை மேற்கோள் காட்டினோம். வழக்காகக் கொண்டுபோகவில்லை. நீதவான் நீதிமன்றத்தில் பேரேட்டுப் பக்கங்களோடு நிற்பதே விரைவான வழி என்று முடிவெடுத்தோம்.

அது சரியாகவே போயிற்று. பேரேட்டின் உறுதிப்படுத்திய பிரதி, கமநலப் பதிவேடு, பழைய வரைபடம், ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டுகள், சிறுபோகப் பங்கு எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டபோது, பெயர் கிடைத்த குடும்பங்களுக்கு எதிரான விண்ணப்பங்களைத் தகுதிவாய்ந்த அதிகாரி தானாகவே மீளப்பெற்றார்.

கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவை நான் இங்கே நினைப்பதுண்டு. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்த திட்டம், அந்தக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோக நினைத்தது. யாழ்ப்பாணத்தவருக்கும் தண்ணீர் வேண்டும்தான். கிளிநொச்சிக் கமக்காரர்கள் வைத்த வாதம், சிறுபோகத்தில் தங்கள் வயலிலேயே ஒரு பகுதிக்குத்தான் தண்ணீர் எட்டுகிறது என்பது. கடைசியில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். பெரிய குளத்திலும் சிறிய குளத்திலும் நம்பவைப்பது போகத்துக்குப் போகம் எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்ற பதிவுதான்.

பதிவு இல்லாதவர்களின் நிலை எவ்வளவு மெல்லியது என்பதை 2025 மார்ச் 28 வர்த்தமானி எல்லோருக்கும் காட்டியது. வடக்கில் 5,940 ஏக்கர் அளவான காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரவேண்டும், இல்லையேல் அரச காணியாகும் என்றது அது. எதிர்ப்புக்குப் பிறகு மீளப்பெற்றார்கள். அந்த வாரங்களில் முல்லைத்தீவிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் கேட்டது, "கடதாசி இல்லாமல் என்ன செய்யிறது?" என்றுதான்.

எங்கள் ஊரிலும் ஒரு குடும்பத்துக்கு அதே கேள்வி. பேரேட்டில் அவர்களின் பக்கம் இருக்கவேண்டிய இடம் கரையான் அரித்துக் கிடந்தது. உர மானியத் துண்டும் பதிவேட்டுப் பெயரும் அவர்கள் உழுததைக் காட்டின. அரசின் எழுத்து அதிகாரத்தைக் காட்டவில்லை. நீதவான் வெளியேற்றும் கட்டளை போட்டார். சட்டப்படி அவருக்கு வேறு வழியும் இல்லை. மேன்முறையீடு இல்லாவிட்டாலும் மீளாய்வு மனு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதை 2013 தீர்ப்புத் தடுக்கவில்லை. போட்டோம். கூடவே, போரில் ஆவணம் இழந்தவர்களின் காணிப் பிரச்சினைகளைத் தீர்க்கக் கொண்டுவந்த 2013/01 காணிச் சுற்றறிக்கையைக் காட்டி, புதிய அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பமும் கொடுத்திருக்கிறோம். பக்கத்து வயல்காரர்கள் ஒன்பது பேர் சத்தியக்கடதாசி தந்தார்கள். மீளாய்வு மனுவில் இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது. காணி யாருக்கென்று விசாரிக்கும் காணிக் கச்சேரிக்கு இன்னும் திகதி போடவில்லை.